ஈச்சமுனையின் ஊதாத் தண்ணீர்

ஈச்சமுனைக்குக் கடல்முயல் வந்து சேர்ந்த காலையில் நண்டுக் கம்பெனிப் பெண்கள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடல்நீர் தேங்கிக் கிடக்கும் கழியில் முழங்கால் அளவுக்கு இறங்கி, அக்கரையில் இருக்கும் கம்பெனிக் கொட்டகையை நோக்கி நடந்தார்கள். நடுவில் உழவு மாட்டின் பருமனில் ஒன்று படுத்துக் கிடக்கவும், அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கடல்முயல் அவர்களுக்குப் புதிதல்ல. உள்ளங்கையில் அடங்கும், கூடில்லாத நத்தை போல இருக்கும், தலையில் முயல்காது மாதிரி இரண்டு கொம்பு, வலையில் சிக்கினால் ஊதா மையைக் கக்கும், அதை எடுத்துத் திரும்பக் கடலிலேயே வீசிவிடுவார்கள். இது கொஞ்சம் பெரிதாக வளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஊருக்கு அதிலே ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. மீன் என்று வைத்தால் ஏலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், மாடு என்று வைத்தால் பஞ்சாயத்துப் பட்டியில் அடைக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் பங்குச்சாமியார் ஏதாவது சொல்ல வேண்டும். மூன்று தரப்பும் கழிக்கரையில் நின்று மத்தியானம் வரை பேசிவிட்டு, வந்ததை விருந்தாளி என்று வைத்துக்கொள்வது எல்லாருக்கும் வசதி என்று முடிவு செய்தார்கள். பாசி எடுக்கும் பெண்கள் திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு கைப்பிடி பாசியை அதன் முன்னால் போட்டுவிட்டுப் போனார்கள். அது காதுகளை ஆட்டி ஆட்டித் தின்றது. தின்று முடித்து ஊதாவை விட்டது. மறுநாள் விடிகிறபோது கழி முழுவதும் நாவற்பழம் கரைத்த நிறத்தில் கிடந்தது.

அந்தத் தண்ணீருக்குள் கால் இருக்கும்போது நடப்பது எதுவும் பிறகு மறப்பதில்லை என்பதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்டுபிடித்தது. பாத்திரம் விளக்க இறங்கிய தெரசா, பக்கத்தில் யாரோ வைத்திருந்த ரேடியோவில் ஓடிய நகைக்கடை விளம்பரத்தை அப்படியே மூச்சுவிடாமல் ஒப்பித்தாள், நிறுத்தச் சொன்னாலும் அவளால் நிறுத்த முடியவில்லை. கழியில் நின்று தூண்டில் போட்டவனுக்கு அந்நேரம் கடந்துபோன பேருந்தின் ஹாரன் காதிலேயே குடியேறியது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற பிள்ளை, பக்கத்தில் யாரோ படித்த பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைப் பிசகில்லாமல் சொன்னது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும், டியூஷன் மாஸ்டர் வில்பிரட் கரும்பலகையைக் கழிக்கரையில் நட்டார், ஞானோபதேச வகுப்பு அங்கே வந்தது, டிரைவிங் லைசென்ஸுக்குப் படிக்கிறவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலைக் குறியீடுகளைச் சொல்லியபடி நின்றார்கள், பேச்சு குழறிப்போன மனைவியை நாற்காலியோடு தூக்கிவந்து தண்ணீரில் வைத்துவிட்டு ஒரு கிழவர் அவளுக்கு அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தத் தண்ணீருக்கு நல்லது கெட்டது பார்க்கத் தெரியாது. குழம்பில் உப்பு என்று ஆரம்பித்த ஒரு புருசன் பெண்டாட்டிச் சண்டை கழிக்குள்ளே முற்றி, ஒருவரை ஒருவர் சொன்ன சொல் இன்றுவரை இரண்டு பேருக்கும் அன்று சொன்ன சூட்டோடு இருக்கிறது. வில்பிரட் மாஸ்டர் ஒரு பிள்ளையை ஸ்கேலால் கையில் ஒரே ஒரு அடி அடித்தார். சாதாரண அடிதான், எல்லா வாத்தியாரும் அடிப்பதுதான். அந்தப் பிள்ளையின் விரல்கள் அன்று மடங்கின, பிறகு ஸ்கேலைப் பார்க்கும்போதெல்லாம் மடங்கின, அந்த நேரம் தண்ணீரில் நின்ற வகுப்பு முழுவதற்கும் மடங்கின, மாஸ்டரின் விரல்களும் மடங்கின. அவர் கரும்பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கழிக்கரையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை என்பது எவரும் சொல்லாமலே சட்டமானது. கல்யாணப் பேச்சை அங்கே வைத்துப் பேசினார்கள். பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் காலை நனைத்துக்கொண்டு ஒருவரையொருவர் மரியாதையாக அழைத்தார்கள். பயத்தில் வந்த மரியாதைதான். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

கழிக்குள் ஒருநாளும் காலை வைக்காமல், உப்பளத்து வரப்பில் ஏறி ஊரைச் சுற்றி வேலைக்குப் போனவள் மெற்றில்டா ஒருத்திதான். "ஏற்கெனவே மறக்காதது எங்கிட்ட நிறைய இருக்கு" என்று தெரசாவிடம் சொன்னாள். தெரசா அவளுடைய கொழுந்தன் இன்னாசியின் பெண்டாட்டி. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்தார்கள். அதற்குமேல் தெரசா எதுவும் கேட்கவில்லை.

மெற்றில்டாவின் புருசன் ராயப்பன் குடித்தால் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். நல்ல உயரம். கை மேலே போய் இறங்குவதற்குள் அவளுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் கிடைக்கும், அந்த மூச்சுக்குள் தோளை ஏற்றி, கழுத்தை உள்ளே இழுத்து, முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்ள அவள் உடம்பு பழகியிருந்தது. அவன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். ஊர் வந்து அழுதது, அவளும் அழுதாள், ஆனால் அவளுடைய தோளுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. பரணில் இருந்து டப்பாவை எடுக்க யாராவது கையை உயர்த்தினால் தோள் ஏறும். பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் கம்பியைப் பிடித்தால் ஏறும். நண்டுக் கம்பெனியில் கத்திமுனையால் ஓட்டைப் பிளந்து சதையை எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவள் கொண்டையை முடிந்தால், மெற்றில்டாவின் கையிலிருக்கும் நண்டு கீழே விழும். பெண்கள் பழகிக்கொண்டார்கள். "மெற்றில்டா, நான் கொண்டை போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கொண்டை போட்டார்கள்.

இன்னாசிக்கு அண்ணனின் முகம் கிடையாது, குணமும் கிடையாது. கை மட்டும் அச்சாக அதே கை. அகன்ற உள்ளங்கை, கட்டை விரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். மதினி எதிரே வந்தால் கையில் ஸ்பேனர் இருந்தாலும் அதோடு சேர்த்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். அண்ணன் செத்த நாளிலிருந்து மெற்றில்டா அவனுடைய கைகளைப் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரே மகள், ஜோவிற்றா, மூன்றாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"உக்காருங்கக்கா. தப்பா ஒண்ணும் இல்ல" என்றார் டீச்சர். "ஒங்க மகளுக்கு எல்லாம் தெரியுது. பரீட்சையில எழுதிருது. ஆனா தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்கன்னா தூக்க மாட்டேங்குது. பிரேயர்ல கையை மேல நீட்டச் சொன்னா இடுப்போட நிறுத்திக்குது. ஏன்மான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"கையைத் தூக்குனா அம்மா பயந்துருவாங்கன்னு சொன்னா. அம்மாதான் இங்க இல்லையேன்னேன். பழகிருச்சு டீச்சர்னு சொல்றா."

மெற்றில்டா எழுந்து வெளியே வந்து பள்ளிக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் உடம்பு படித்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டதாகத்தான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அந்தப் பாடத்தை மகளுக்கும் தினமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. தலை வாரும்போது பிள்ளை ஏன் சீப்பைத் தரையோடு நீட்டுகிறது, முத்தம் கொடுக்க வரும்போது ஏன் கைகளைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முகத்தை மட்டும் நீட்டுகிறது என்பதெல்லாம் அந்தச் சுவரோரத்தில் அவளுக்கு விளங்கியது.

அப்போது ஊரில் யமுனா என்று ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் தங்கியிருந்தாள். கடல்முயலின் நீள அகலம் எடுக்க வந்தவள், அதன் மேல் பிரியம் வைத்து இருந்துவிட்டாள். கம்பெனிக் கொட்டகையின் ஓரத்தில்தான் அவளுடைய கண்ணாடிக் குடுவைகள் இருந்தன. மெற்றில்டா நண்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளிடம் போய், "அந்தத் தண்ணிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

யமுனா நல்ல பெண். கேட்டவளின் தோளையும் பார்த்தாள், கேள்வியையும் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"சின்னக் கடல்முயலை வச்சு ரொம்பக் காலமா சோதனை பண்ணியிருக்காங்கக்கா. அது வால்ல ஒரு அடி குடுத்தா, பெறகு மெதுவாத் தொட்டாக்கூட உள்ள சுருங்கிக்கும். ஒரு தடவை அடிச்சா கொஞ்ச நேரத்துக்கு. திரும்பத் திரும்ப அடிச்சா வாரக் கணக்குல. அடி விழும்போது அதுக்குள்ள ஒண்ணு சுரக்குது. செரோட்டோனின்னு பேரு. அது நரம்புகிட்டப் போயி, இதை வச்சுக்கோ, விட்றாதன்னு சொல்லுது. இந்தக் கழியில அது ஏராளமா கலந்து கிடக்கு."

"நல்லதுக்குத்தானே சொல்லுது?"

"நல்லதுக்குத்தான். அடுத்த அடியில தப்பிக்கணும்ல."

"அடிக்கிற ஆளு செத்த பெறகும் சொல்லிக்கிட்டே இருக்குமா?"

"ஆளு செத்தது அதுக்குத் தெரியாதுக்கா."

கொட்டகைக்கு வெளியே கடல்முயல் பாசியை அசை போடுகிற சத்தம் கேட்டது. "மறக்க வைக்க முடியுமா?" என்றாள் மெற்றில்டா.

"அழிக்க முடியாதுக்கா. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணைப் படிய வைக்கலாம். கை ஒசந்தா அடின்னு ஒங்க ஒடம்பு படிச்சிருக்கு. கை ஒசந்தா ஒண்ணுமில்லன்னு அதே ஒடம்பு இன்னொரு வாட்டி படிக்கணும். மனுசங்களுக்குள்ளயும் அது சுரக்குது. படிச்சதை மாத்திப் படிக்கிறதுக்கும் அதுவே ஒத்தாசை பண்ணுதுன்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு யமுனா அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா இந்தத் தண்ணி எதையும் பிரிச்சுப் பார்க்காது. உள்ள நின்னு நீங்க பயந்துட்டா, அந்தப் பயத்தையும் வச்சுக்கும். யோசிச்சுச் செய்யுங்க."

மெற்றில்டா அன்று சாயங்காலமே இன்னாசியின் வீட்டு வாசலுக்குப் போனாள். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"தம்பி, ஒங்க கை எனக்கு வேணும்."

அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல அவன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். "வேற யாரையாவது கேளுங்க மதினி. எங் கையைப் பார்த்தா எனக்கே பயமாயிருக்கு."

"வேற கைக்கு நான் பழகி என்ன பிரயோசனம்? இந்தக் கையிலதான் நான் படிச்சேன்."

உள்ளேயிருந்து தெரசா, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பங்குக் கோவில் மணி அடித்து, கம்பெனி விட்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில் மெற்றில்டா முதல் முறையாகக் கழிக்குள் இறங்கினாள். ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். பல்லைப் பிடுங்குவது போல. ஜோவிற்றாவைத் தெரசாவிடம் விட்டு வந்திருந்தாள், பிள்ளை இதைப் பார்த்துவிடக் கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னாசி எதிரே வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை எடுத்து மேலே உயர்த்தினான்.

அவன் கண்ணைத் திறந்தபோது மதினி எதிரே இல்லை. தண்ணீருக்குள் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முகத்தை இடது பக்கம் திருப்பியிருந்தாள். ஊதாத் தண்ணீர் அதைப் பெற்று வைத்துக்கொண்டது.

அதன் பிறகு அவளால் காக்கை பறந்தாலும் தாங்க முடியவில்லை. யாராவது குடையை விரித்தால் உட்கார்ந்துவிடுவாள். கொடியில் காயும் சட்டையின் கை காற்றில் எழுந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நண்டுக் கம்பெனிக்குப் போக முடியவில்லை. ஜோவிற்றா இப்போது கைகளை இடுப்புவரைகூட உயர்த்துவதில்லை; சோற்றைத் தட்டுக்குக் குனிந்து தின்றது.

ஊர் இதையும் தன் வழக்கங்களுக்குள் எடுத்துக்கொண்டது. பங்குச்சாமியார் பூசை முடிவில் ஆசீர்வாதத்தை இடுப்போடு நிறுத்திக்கொண்டார், சனங்களும் நெற்றியில் போட வேண்டிய சிலுவையை நெஞ்சுக்குக் கீழே போட்டுக்கொண்டார்கள்; பேருந்து கண்டக்டர் மணிக்கயிற்றை இழுக்காமல் வாயால் சொன்னார்; படகுகளில் இருந்து கரைக்குக் கையசைத்தவர்கள் காலை ஆட்டிக் காட்டினார்கள்; பெண்கள் கொண்டையை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தார்கள்; தென்னையில் தேங்காய் முற்றி விழுகிறவரை காத்திருந்தார்கள்; பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளைகள் காலால் தரையைத் தட்டினார்கள். ராயப்பன் உயிரோடு இருந்த காலத்தில் அந்தச் சுவர் வழியே வந்த சத்தத்துக்கு ஈச்சமுனையில் ஒருவரும் கதவைத் தட்டியதில்லை. இப்போது ஊரே அவளுக்காகக் கையை இறக்கிக்கொண்டது. பிந்தி வந்ததுதான், ஆனாலும் வந்தது.

மெற்றில்டா சன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பெரிய பெரிய ஆட்கள் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, தன்னைப் போலவே நடந்து போவதைப் பார்த்தாள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. சுவரைத் தட்டி, "தெரசா, அந்தப் பிள்ளை யமுனாவைக் கொஞ்சம் வரச்சொல்லு" என்றாள்.

ஆனால் யமுனாவுக்கு முன்னால் இன்னாசி வந்துவிட்டான். இத்தனை நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"மதினி, நான் யோசிச்சுப் பார்த்தேன். புது எஞ்சினை எடுத்த எடுப்புல முழு வேகத்துக்கு முடுக்குனா தீஞ்சுரும். நீங்க இந்தக் கரையில கால நனைச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க. நான் அந்தக் கரையில நிக்கிறேன். அவ்வளவு தூரத்துல நான் யாருன்னே ஒங்களுக்குத் தெரியாது."

"அதுல என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான்."

பின்னால் வந்து நின்ற யமுனா, "அதேதான்க்கா நானும் சொல்ல வந்தேன்" என்றாள். "ஒண்ணு மட்டும். தனியா உக்காராதீங்க. பிடிச்சவங்களைக் கூட வச்சுக்குங்க. எதையாவது சாப்பிடுங்க. மனசு இறுகிக் கெடந்தா ஒடம்பு பழசைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கும்."

ஆகவே ஈச்சமுனையில் சாயங்கால வேளைக்குப் புதிதாக ஒரு வழக்கம் ஏற்பட்டது. கம்பெனி விட்டதும் நண்டு நாற்றம் போகக் கை கழுவிவிட்டு, பெண்கள் மெற்றில்டாவை நடுவில் உட்காரவைத்துக் கழிக்கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெரசா சூடாகப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்தாள், அந்த நகைக்கடை விளம்பரத்தையும் ஒருமுறை ஒப்பித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், சிரிப்பும் தண்ணீருக்குள் போனது. அக்கரையில், தீக்குச்சி அளவில், ஒரு ஆள் வந்து நின்றான். சூரியனைப் பார்ப்பது போலக் கையை உயர்த்திக் கண்ணுக்கு மேலே வைத்தான். பிறகு இறக்கினான். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்றும் ஆகாததைத் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டது.

மறுநாளும் வந்தான், உயர்த்தினான், இறக்கினான். மழை தூறிய நாளிலும் வந்தான், இல்லாத சூரியனைப் பார்த்தான். சில நாள் கழித்து ஒரு அடி முன்னால் வந்தான், இன்னும் சில நாள் கழித்து இன்னொரு அடி. ஒருநாள் மெற்றில்டாவின் தோள் ஏறியது. உடனே அவன் பழைய இடத்துக்குப் பின்வாங்கிப் போனான், பெண்கள் அவளுடைய காலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, அவள் ஒரு பணியாரம் தின்று முடிக்கிறவரை ஊர்க்கதை பேசினார்கள். அவன் கடல்முயலின் பக்கம் வந்து சேர்ந்தபோது அது பாசிக்காகக் காதை ஆட்டியது, அவன் உயர்த்திய கையைக் கொஞ்சம் தாழ்த்தி அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அதைப் பார்த்து மெற்றில்டா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கை எதையும் தட்டிக்கொடுப்பதை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

வேடிக்கை பார்க்கிறவர்களும் காலை நனைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள். ஆகவே அவள் படித்ததை ஊரும் படித்தது. சில வீடுகளில், வழக்கமாக உயர்கிற கை உயர்ந்து, பாதியில் நின்று, எதற்காக உயர்ந்தோம் என்று தெரியாமல் பனியனைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. அந்த வீட்டுப் பெண்கள் மறுநாள் கம்பெனியில் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, ஆனால் நண்டுச் சதையை எடுத்துக்கொண்டே பாடினார்கள்.

கடைசியில் இன்னாசி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்ற சாயங்காலம் வந்தது. பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று வெங்காய விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, தூக்கட்டுமா?"

"தூக்குங்க தம்பி."

கை உயர்ந்தது. அகன்ற உள்ளங்கை, வெளிப்பக்கம் வளைந்த கட்டைவிரல், நகத்தோரத்தில் எஞ்சின் கரி. மெற்றில்டா அதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இத்தனை வருசத்தில் உயர்ந்த கையை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை, அதற்குள் முகம் திரும்பிவிடும். கை இறங்கி வந்தது. இறங்கி அவள் உச்சந்தலையில் உட்கார்ந்தது. அவள் தோள் ஏறவில்லை.

"கனமாத்தான் இருக்கு" என்றாள் மெற்றில்டா.

"எடுத்துரட்டுமா?"

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வெங்காய விலை பேசிக்கொண்டிருந்த தெரசா அதை விட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்று இன்னாசி வீட்டுக்குப் போகும்போது கைகளை முன்னால் வீசிக்கொண்டு நடந்தான். அவனுக்கே அது புதிதாக இருந்தது, வழியில் இரண்டு வேலிப்படலில் இடித்துக்கொண்டான்.

ஊர் கைகளை உயர்த்தத் தொடங்கியது. சாமியார் ஆசீர்வாதத்தைத் தலைக்கு மேலே கொண்டுபோனார், தென்னைகளில் ஆள் ஏறினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்போலக் கையைத் தூக்கினார்கள். ஜோவிற்றா மட்டும் தூக்கவில்லை. எஸ்தர் டீச்சர், "அவளையும் ஒரு தடவை கழியில கொண்டு நிறுத்துங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். மெற்றில்டா யோசித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை எதை உள்ளே கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்? அவள் யோசித்து முடிப்பதற்குள் கடல்முயல் போய்விட்டது.

போவதற்கு முன் அது பாசியின் மேல் முட்டையிட்டிருந்தது. வெளிர் மஞ்சளில், இடியாப்பம் பிழிந்து வைத்தது போலச் சிக்கல் சிக்கலாக, ஒரு வண்டி நிறைய. பௌர்ணமி ஓதத்தில் நீர் ஏறி, கழியும் கடலும் ஒன்றாக இருந்த சிறிது நேரத்தில் அது எழுந்து, வந்த வழியே, அவசரமில்லாமல் ஊர்ந்து போனது. பாசிப் பெண்கள் பார்த்தார்கள், வழிவிட்டார்கள். அடுத்த ஓதம் முட்டைகளையும் கொண்டுபோனது. யமுனா குடுவைகளை வைக்கோல் வைத்துக் கட்டினாள்; புறப்படும்போது மெற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி தெளிஞ்சாலும் நீங்க படிச்சது ஒங்களுக்குள்ள இருக்குக்கா. அப்பப்ப படிச்சுக்கிட்டே இருங்க" என்றாள். கழி பழையபடி கலங்கலான பச்சையானது. நகைக்கடை விளம்பரம் மட்டும் தெரசாவைவிட்டுப் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெற்றில்டா கம்பெனியிலிருந்து வந்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஜோவிற்றா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒங்க தலையில நண்டு ஓடு ஒட்டியிருக்கு."

"எடுத்து விடு" என்றாள் மெற்றில்டா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளை நகரவில்லை. பிறகு வலது கை மெதுவாகப் பாவாடையைவிட்டுப் பிரிந்தது, இடுப்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, அம்மாவின் தலைக்கு மேலே வந்தது. மெற்றில்டாவின் தோள் ஏறியது. கொஞ்சம்தான், ஆனாலும் ஏறியது. அருகில் ஊதாத் தண்ணீர் கிடையாது, பெண்களின் பேச்சு கிடையாது, அரிவாள்மணையும் பாதி அரிந்த மீனும்தான் இருந்தன. பிள்ளை ஓடிவிடவில்லை, கையைக் கீழே போடவும் இல்லை. கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு அம்மாவின் தோளைப் பார்த்தபடி நின்றது. தோள் யாரும் சொல்லாமல் தானாகக் கீழே இறங்கியது.

"எறங்கிருச்சா?" என்று கேட்டது ஜோவிற்றா.

"எறங்கிருச்சு."

சின்ன விரல்கள் கூந்தலுக்குள் போய் ஓட்டுத் துணுக்கை எடுத்துத் தரையில் போட்டன. பிள்ளை அதை ஒருமுறை பார்த்தது, தன் கையை ஒருமுறை பார்த்தது.

"அம்மா, இன்னொண்ணு இருக்கு."

இன்னொன்று கிடையாது என்று மெற்றில்டாவுக்குத் தெரியும். கம்பெனியில் தலையை உதறிவிட்டுத்தான் வந்திருந்தாள். அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, மகளுக்கு வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.